வெஸ்லியும் மார்னியும் எண்ணியது

வெஸ்லிக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்தபோது கண் மங்க ஆரம்பித்தது. பனியில் கிடந்த சிவப்புக் கையுறையைக் காலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு முற்றமெல்லாம் தேடினான். அவன் அம்மாவான என் தங்கை கார்லீன், பையன் விளையாடுகிறான் என்று நினைத்து அதட்டினாள். அடுத்த குளிர்காலம் வருவதற்குள், ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தது.

விழித்திரை நோய், பரம்பரையாக வருவது, கண்ணோடு நின்றுவிடும் என்றார் கண் டாக்டர். 'கண்ணோடு நின்றுவிடும்' என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் எழுந்து நின்றோம். வெஸ்லியின் அப்பா கென்னி மரம் ஏற்றும் லாரி ஓட்டுபவன்; அதிகம் பேசமாட்டான். கொல்லைக் கதவிலிருந்து சவுனா என்னும் நீராவிக் குளியல் அறைக்கு ஒரு கயிறு கட்டினான், பையன் பிடித்துக்கொண்டு தானே போய் வர. பிறகு கோழிக்கூண்டுக்கு ஒன்று, கொட்டகைக்கு ஒன்று. அந்த வருஷம் அவர்கள் முற்றத்தில் எல்லோரும் கயிற்றுக்குக் குனிந்துதான் நடந்தோம்.

எங்கள் ஊரான பெல்ட்டோலாவில் இருப்பது ஒரே பள்ளிக்கூடம். பாட்டன்கள் தோண்டிய தாமிரச் சுரங்கம் மூடியபின் ஊரில் மிஞ்சியது அதுவும், இரண்டு தேவாலயமும், கூட்டுறவுக் கடையும்தான். நான் பள்ளிச் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு, "லோயிஸ், நாள் பூரா அந்தப் பையன் பக்கத்துல ஒரு ஆள் உக்காரணும். நீ அவன் பெரியம்மா, உன்னைவிட யாரு இருக்கா?" என்றார். ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு முதலாம் வகுப்பில் குட்டி நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

பாடம் சொல்லித்தர வந்தவள் டெனீஸ் லகாஸ். ஏரிக்கரை நெடுகிலும் சிதறிக் கிடந்த பள்ளிகளில் இருக்கும் பார்வையில்லாத பிள்ளைகளுக்கெல்லாம் அவள் ஒருத்திதான் டீச்சர். செவ்வாயும் வெள்ளியும் எங்கள் முறை. கார் நிறைய முட்டை அட்டைகள், மணிகள், பலகைகள், காலி சிகரெட் பெட்டிகள். கியூபெக் பக்கத்து ஆட்களின் வாய் அவளுக்கு, எதையும் பட்டென்று கேட்டுவிடும். எங்கள் ஆட்களோ, வீடு பற்றி எரிந்தாலும் "கொஞ்சம் சூடாத்தான் இருக்கு" என்று சொல்லக்கூடியவர்கள்.

முதல் நாள் அவள் புத்தகம் எதுவும் எடுக்கவில்லை. கென்னியிடம் லாரி நட்டுகள் கொஞ்சம் கேட்டு வாங்கிவைத்திருந்தாள். வெஸ்லி முன்னால் ஒரு காபி டின்னை வைத்து ஒவ்வொன்றாகப் போட்டாள். டங். டங். டங்.

"எத்தனை?"

"தெரியல," என்றான் வெஸ்லி. அந்த மாதங்களில் அவனிடமிருந்து வந்த பதில் எல்லாவற்றுக்கும் அதுதான்.

"தெரியலையா? காது எங்க போச்சு? கண்ணோட சேர்ந்து அதுவும் லீவு எடுத்துடுச்சா?"

வாசலில் நின்ற கார்லீனுக்கு முகம் வெளுத்துவிட்டது.  வெஸ்லி சிரித்தான். பார்வை போனபின் அவன் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

"இன்னொரு தடவ போடுங்க," என்றான்.

அப்படித்தான் எண்கள் அவனுக்குள் போயின. டின்னில் விழும் சத்தத்தை எண்ணுவான். பிறகு டின்னைக் கவிழ்த்து விரலால் எண்ணி, காது சொன்னதும் கை சொன்னதும் ஒன்றா என்று பார்ப்பான். பன்னிரண்டு குழி முட்டை அட்டையில் இரண்டு குழியை வெட்டி எறிந்துவிட்டுப் பத்தாக்கினேன். எட்டு நட்டு வைத்தால் இரண்டு குழி காலி. "நிறைஞ்ச குழிய விடு. காலிக் குழியத் தொடு. பத்துக்கு எத்தனை குறையுதுன்னு அதுதான் சொல்லும்," என்பாள் டெனீஸ். எட்டோடு ஐந்தைக் கூட்டச் சொன்னால், ஐந்தில் இரண்டை எடுத்துக் குழியை அடைப்பான். கையில் மூன்று மிஞ்சும். பெருக்கலுக்கு மேஜைதான் முரசு. இடது கை ஒரு தட்டுத் தட்டினால் வலது கை நாலு தட்டும். பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் அனுப்பி நிறுத்தச் சொல்வார்கள். டெனீஸ் நிறுத்தமாட்டாள்.

எட்டு வயதில் அவன் கைக்கு மணிச்சட்டம் வந்தது. உள்ளங்கை அகலம்தான். கம்பிகளில் கோத்த மணிகளுக்குப் பின்னால் கம்பளித் துணி ஒட்டியிருக்கும், விரல் பட்டதும் மணி ஓடிவிடாமல் இருக்க. மூன்று இலக்கக் கூட்டலை மற்றப் பிள்ளைகள் காகிதத்தில் எழுதி முடிப்பதற்குள் இவன் சொல்லிவிடுவான். "கண்ணு தெரியாதவன்கிட்ட தோத்துட்டியேடா," என்று பையன்கள் ஒருவனையொருவன் குத்துவார்கள். வெஸ்லி திரும்பி, "கண்ணு இருந்தா இன்னும் மோசமாத் தோப்ப, உன் மூஞ்சியும் தெரியும்," என்பான். டெனீஸின் வாய் அவனுக்கும் ஒட்டிக்கொண்டது.

கென்னி சனிக்கிழமைகளில் அவனைக் கூட்டுறவுக் கடைக்குக் கூட்டிப்போவான். அடுப்பைச் சுற்றி நிற்கும் மரவெட்டிகள் கணக்குக் கொடுப்பார்கள். "ஒரு லாரிக்கு இருபத்தி மூணு கட்டு. ஒன்பது லாரி. சொல்லு பாப்போம்." வெஸ்லியின் விரல்கள் கோட்டுப் பைக்குள்ளேயே மணிகளை நகர்த்தும். "எரநூத்தி ஏழு."  கென்னி பையனின் தொப்பியை இழுத்துச் சரி செய்வான், அவ்வளவுதான். எங்கள் ஊரில் ஒரு அப்பன் பிள்ளையைக் கொண்டாடுவது அதைவிட மேலே போகாது.

மார்னி அப்போது குழந்தை. வெஸ்லிக்கு மூன்று வயது இளையவள். பள்ளி விட்டபின் டெனீஸ் சில நாள் வீட்டிலும் பாடம் வைப்பாள்; அப்போதெல்லாம் மார்னி மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொள்வாள். மேலேயிருந்து நட்டு உருண்டு விழுந்தால் அது அவளுடையது.

வெஸ்லிக்கு ஒன்பது வயது முடியும் சமயம், கடன் வாங்கிக் கழிப்பதில் தடுமாறினான். அது எல்லாப் பிள்ளைகளும் தடுமாறும் இடம். பிறகு, கூட்டும்போது பத்தை அடுத்த கம்பிக்குக் கொண்டுபோக மறந்தான். ஒரே வாக்கியத்தை இரண்டு மூன்று முறை சொன்னான். மணிச்சட்டத்தைச் சுவரில் எறிந்தான். "சோம்பேறித்தனம். எல்லாரும் தூக்கி வெச்சு ஆடினா இப்படித்தான்," என்றாள் வகுப்பு டீச்சர். எனக்கும் பாதி அப்படித்தான் தோன்றியது.

டெனீஸுக்கு மட்டும் தோன்றவில்லை. ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, பாடம் முடிந்ததும் என்னைச் சாமான் அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"லோயிஸ், ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. வீட்ல ஏதாவது பிரச்சனையா? குடி, அடி, அந்த மாதிரி?"

"கென்னியா? அவன் அடிச்சா ஆணியத்தான் அடிப்பான்."

"தலைல எங்கயாவது அடிபட்டுச்சா?"

"இல்ல. ஏன்?"

அவள் பையிலிருந்து சிகரெட்டை எடுத்து, பற்றவைக்காமல் விரலில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு தெரியாத பிள்ளைங்க மெதுவாக் கத்துக்கும். சிலது சில விஷயத்தக் கத்துக்காமலே போகும். ஆனா கத்துக்கிட்டத திருப்பிக் குடுக்காதுங்க. இவன் திருப்பிக் குடுக்குறான். இலையுதிர் காலத்துல பெருக்கல் வெச்சிருந்தான். இப்ப இல்ல. கூட்டல் போய்க்கிட்டிருக்கு. கடைசியா வந்தது முதல்ல போகுது, வரிசையா. இது கண்ணு இல்ல, லோயிஸ். தலைக்கு டாக்டர்கிட்டக் காட்டச் சொல்லுங்க."

"நீங்களே சொல்லுங்க."

"நான் சொன்னா சண்டை. நீங்க சொன்னா அழுகை. அழுகை பரவாயில்ல."

அவள் நினைத்தது தப்பு. நான் சொன்னபோதும் சண்டைதான் வந்தது. கார்லீன் சமையலறையில், இறைச்சி அடைத்துச் சுடும் பேஸ்டிக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். டர்னிப்பும் இறைச்சியும் நறுக்கி ஒரு பக்கம் குவிந்திருந்தது. நான் பேசி முடிக்கும்வரை உருட்டுக்கட்டை நிற்கவில்லை.

"அக்கா, என் பையன் முட்டாள்னு சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தியா?"

"நான் அப்படிச் சொல்லல, கார்லி."

"கண்ணு போச்சு. சரின்னேன். ஆண்டவர் சித்தம்னேன். தேவாலயத்துல பாட்டுக்கூடப் பாடினேன். இப்ப மூளையும் போச்சுன்னு சொல்லிட்டு வந்து நிக்குற. அந்த டீச்சருக்குச் சொல்லிக்குடுக்க வக்கில்ல, பழி அவன் மேல. உனக்குப் பிள்ளை இருந்தா தெரியும்."

அதற்குமேல் நான் அங்கே நிற்கவில்லை. குனிய மறந்து நடந்ததில், கோழிக்கூண்டுக் கயிறு இடுப்பில் மாட்டியது.

மார்ச்சில், சாப்பாட்டு அறையில், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெஸ்லி பாதி வார்த்தையில் நின்றான். முட்கரண்டி விழுந்தது. உடம்பு விறைத்து நாற்காலியோடு சாய்ந்தான். நான் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். இருநூறு பிள்ளைகள் இருந்த அறையில் அவன் பல் நறநறக்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

ஏரிப் பாலத்தைத் தாண்டித் தெற்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மார்னியை நான் வைத்துக்கொண்டேன். நாலாவது நாள் கென்னி போன் செய்தான். 

"கண்ணோட நிக்காதாம், லோயிஸ்," என்றான்.

அந்த நோய்க்கு ஒரு டாக்டரின் பெயர் இருந்தது. முதலில் பார்வை, பிறகு படிப்பு, பிறகு பேச்சு, பிறகு நடை. இருபது வயதைத் தாண்டுவது அபூர்வம். மருந்து கிடையாது. பிள்ளைக்கு வர, அப்பா ரத்தத்திலும் அம்மா ரத்தத்திலும் அது இருக்கவேண்டும். வடக்கு ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த எங்கள் ஆட்களிடம் அது கொஞ்சம் கூடுதலாம். நான்கைந்து குடும்பங்களே மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்ட ஊர் இது.

பரிசோதனைகளெல்லாம் முடிந்து மேயில் அவர்கள் திரும்பி வந்த வாரம் டெனீஸ் வீட்டுக்கு வந்தாள். கார்லீன் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. காபி ஊற்றி, வீட்டிலிருந்த நல்ல கோப்பையில் வைத்தாள். கென்னிதான் கேள்வி கேட்டான். அவன் அதை வழியெல்லாம் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

"டீச்சர், நீங்க கணக்கு டீச்சர். சொல்லுங்க. பிள்ளைங்களுக்கு வர்றது நாலுல ஒண்ணுன்னு டாக்டர் சொன்னார். எங்களுக்கு ஒண்ணு ஆயாச்சு. மிச்சம் மூணு நல்லது. அப்ப மார்னி தப்பிச்சாதானே?"

டெனீஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். பொய் சொல்லிவிடமாட்டாளா என்று எனக்கு ஆசையாக இருந்தது.

"அப்படி இல்ல, கென்னி," என்றாள். "ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுசா நாலுல ஒண்ணு. முன்னாடி என்ன விழுந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது."

கென்னி தலையாட்டினான். எழுந்து போய்க் கொட்டகையில் விறகு பிளந்தான். மே மாதத்தில், தேவையே இல்லாத விறகு.

மார்னிக்கு ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். அவள் நன்றாகப் பார்த்தாள். தூரத்து மரத்தில் அணிலைக் காட்டினாள். அதுபோதும் என்று இருந்தோம்.

வெஸ்லியின் பாடத்தை நிறுத்திவிடலாம் என்றாள் கார்லீன். "தினமும் தோக்கறதுக்கு எதுக்கு ஒரு டீச்சர்?" கென்னி விடவில்லை. "இருக்கற வரைக்கும் இருக்கட்டும்." டெனீஸ் தொடர்ந்து வீட்டுக்கு வந்தாள். மேலே ஏற்றிவந்த படிகளில் அவனோடு கீழே இறங்கினாள். மணிச்சட்டம் பைக்குள் போனது. முட்டை அட்டை திரும்ப வந்தது. பத்து என்பது ஐந்தானது. அவனுக்கு நடப்பது தெரிந்திருந்தது என்பதுதான் கொடுமை.

"பெரியம்மா," என்று ஒரு நாள் என் காதில் சொன்னான். அப்போதே பேச்சு திக்க ஆரம்பித்திருந்தது. "யாரோ... யாரோ எடுக்குறாங்க. ஏழு இருந்துச்சு. ஏழு இருந்துச்சு. எண்ணி வெச்சேன்."

டின்னில் ஏழுதான் இருந்தது. அவன் எண்ணிக்கை நாலைத் தாண்டி வழி தவறிக்கொண்டிருந்தது.

அந்த வாரமே அவன் மார்னியை அடித்தான். மேஜைக்கு அடியில் கைவிட்டு அவள் முடியைப் பிடித்து இழுத்து, "திருடி! திருடி! என் நட்டக் குடு!" என்று முகத்தில் அறைந்தான். மூக்கில் ரத்தம் வந்தது. ஏழு வயதுக்காரி, அழாமல் இரண்டு கையையும் விரித்து அவன் விரல்களைத் தன் உள்ளங்கையில் தேய்த்தாள், "பாரு, ஒண்ணுமில்ல, பாரு," என்று.

அதற்குப் பிறகு எண்ணிக்கை சரியாக வர ஆரம்பித்தது. டெனீஸ் சில நட்டுகளைப் போடுவாள். வெஸ்லி ஒரு எண் சொல்வான். மேஜை விளிம்பில் இருக்கும் டின்னைக் கவிழ்த்தால் அவன் சொன்ன எண்தான். இரண்டு வெள்ளிக்கிழமை அப்படி நடந்தது.  டாக்டர்கள் தப்பாகச் சொல்லியிருந்தால்? மூன்றாவது முறை டெனீஸ் டின்னின் மேல் கையை வைத்து மூடினாள்.

"நான் அஞ்சு போட்டேன். இதுல எட்டு இருக்கு. யாரு?"

மேஜைக்கு அடியிலிருந்து பதில் வந்தது. "நான்தான்."

"ஏன்?"

"அவன் எட்டுன்னு சொன்னான். எட்டு இல்ல. அதனால மூணு போட்டேன்." பிறகு, "சத்தம் வராம போட்டேன்," என்றாள்.

"அஞ்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்? அங்கயிருந்து டின் தெரியாதே."

"காதுலதான் எண்ணினேன். நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க?"

டெனீஸ் எழுந்து வெளியே போனாள். காரில் சாய்ந்து நின்று சிகரெட் பிடித்தாள், கோட்டுக்கூடப் போடாமல். திரும்பி வந்ததும் மார்னியை ஒன்றும் சொல்லவில்லை. அன்று முதல் பாடம் அதுவாகவே ஆனது. வெஸ்லி என்ன எண் சொன்னாலும் டெனீஸ் டின்னை அதற்குச் சரியாக்குவாள்.

கென்னிக்கு அது பொறுக்கவில்லை. "தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க, டீச்சர். அவனை ஏமாத்தாதீங்க. அவன் கணக்குல கெட்டிக்காரன்."

"கெட்டிக்காரனா இருந்தான், கென்னி. நான் திருத்தித் திருத்தி இப்ப அவன் டின்னப் பாத்தாலே நடுங்குறான். இனிமே திருத்தமாட்டேன். அதுக்குத்தான் நான் வரணும்னா, வேற ஆளப் பாத்துக்குங்க."

கென்னி அவளைப் போகச் சொல்லவில்லை. ஆனால் பாட நேரத்தில் வீட்டில் இருப்பதை நிறுத்திக்கொண்டான்.

அடுத்த குளிர்காலத்தில் மார்னி தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து தலையை ஒரு பக்கமாகத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். "நேராப் பாரு," என்றாள் கார்லீன். "நேராப் பாத்தா நடுவுல ஓட்டையா இருக்கும்மா," என்றாள் மார்னி, எல்லோருக்கும் அப்படித்தான் என்பதுபோல. கார்லீன் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

ரத்தம் எடுத்தார்கள். அதுவேதான்.

இந்தத் தடவை சண்டை புருஷன் பெண்டாட்டிக்குள். கார்லீன் எல்லாவற்றையும் உடனே ஆரம்பிக்கச் சொன்னாள்: தொட்டுப் படிக்கும் எழுத்து, மணிச்சட்டம், எல்லாம், கொஞ்சம் பார்வை இருக்கும்போதே. கென்னி, "பாக்குற வரைக்கும் பாக்கட்டும்டி. எதுக்கு இப்பவே அவ கண்ணக் கட்டுற?" என்றான். பள்ளிக்கு அனுப்பாமல் அவளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். ஏரியில் பனிக்கட்டி உடைவதையும், சதுப்பில் நிற்கும் கடமானையும், காற்றாலை வெளிச்சத்தையும் ஓரக்கண்ணால் பார்க்க வைத்தான். இருவர் சொன்னதும் நியாயம். அந்த வீட்டில் அந்த நாட்களில் நியாயத்துக்குப் பஞ்சமே இல்லை.

கார்லீன் டெனீஸிடம் கேட்கச் சொல்லி என்னைத்தான் அனுப்பினாள். பள்ளி வாசலில் டெனீஸின் காரில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். டெனீஸ் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடியாது, லோயிஸ்."

"எது முடியாது?"

"மார்னிக்குச் சொல்லிக்குடுக்க. ஜூனோட இந்தப் பக்கம் விட்டுடறேன்னு எழுதிக் குடுத்துட்டேன். தெற்கே மாத்திட்டாங்க."

எனக்கு முதலில் புரியவேயில்லை. "அவளுக்கு உங்களத் தவிர யாரையும் தெரியாது. மேஜைக்கு அடியில உக்காந்தே பாதி கத்துக்கிட்டா."

"அதனாலதான்." அவள் ஹீட்டரைத் தணித்தாள். "வெஸ்லிக்குச் சொல்லிக்குடுத்தப்ப எனக்குத் தெரியாது. ஒவ்வொண்ணும் அவன் விரல்ல ஏறுறப்ப, இது அவன்கிட்டயே இருக்கும்னு நெனச்சேன். இவளுக்குத் தெரிஞ்சே சொல்லணும். போகப்போறத உள்ள வைக்கணும். அப்பறம் அது போறத ரெண்டாவது தடவ உக்காந்து பாக்கணும். என்னால ஆகாது. நான் அவ்வளவு நல்லவ இல்ல."

"கோழை," என்றேன். என் வாழ்நாளில் வீட்டுக்கு வெளியே ஒரு ஆளை நான் அப்படிப் பேசியதில்லை. "எங்களுக்கெல்லாம் மாத்தல் வாங்கிக்க எடம் இல்ல."

"தெரியும்," என்றாள்.

கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கினேன். ஜூனில் அவள் போனபோது நான் வழியனுப்பப் போகவில்லை. மேஜையில் தன் சாமான்களையெல்லாம் விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

புது டீச்சர் இளம் பையன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்தான். நல்லவன், மெதுவாகப் பேசுவான், மார்னி எது சொன்னாலும் "சூப்பர்" என்பான். நடுவில் இருந்த நாளெல்லாம் நான்தான். வெஸ்லி பக்கத்தில் உட்கார்ந்திருந்த வருஷங்களில் பார்த்ததை அப்படியே செய்தேன். எனக்குச் சான்றிதழ் எதுவும் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மார்னி என்றாவது கேட்பாள் என்று தெரியும். கண் போகும் என்று எப்படிச் சொல்வது என்பதைக் குளிக்கும்போதும் கார் ஓட்டும்போதும் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். ஆனால் அவள் கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. அது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

"பெரியம்மா, வெஸ் மாதிரி எனக்கும் எண்ணெல்லாம் போயிடுமா?"

பக்கத்து அறையில் வெஸ்லி நாற்காலியில் கட்டி உட்கார வைக்கப்பட்டிருந்தான். அப்போது அவனிடம் மிச்சம் இருந்தது இரண்டு எண்கள்தான். அவற்றை வரிசை மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

பொய்தான் நாக்கில் வந்தது. ஆனால் இவள் டின்னில் விழாத சத்தத்தைக்கூடக் கேட்கிறவள்.

"போகும், கண்ணு."

"எல்லாமா?"

"எல்லாம்."

"எப்ப?"

"தெரியாது. இப்போதைக்கு இல்ல."

அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அழுவாள் என்று நான் கையை நீட்டி வைத்திருந்தேன்.

"அப்ப ஏன் இந்தச் சின்னக் கணக்கையே போட்டுக்கிட்டிருக்கோம்?" என்றாள், எரிச்சலோடு. "பெருசா ஏதாவது சொல்லிக்குடு. சீக்கிரம்."

அன்று சாயங்காலம் அதைக் கென்னியிடம் சொன்னேன்.  அந்த வாரக் கடைசியில் கொட்டகையில் ரம்பச் சத்தம் கேட்டது. பிர்ச் மரத்தை வட்டமாக அறுத்து, ஒன்றை இரண்டாக, ஒன்றை நாலாக, ஒன்றை எட்டாகப் பிளந்து, சிலாம்பு குத்தாமல் தேய்த்துக் கொண்டுவந்தான். பழைய தாமிரக் குழாயை முழுசு, பாதி, கால் என்று வெட்டிக் கம்பியில் தொங்கவிட்டான். தட்டினால் முழுசு தாழ்ந்த குரலில் பேசும், பாதி உயர்ந்து, கால் இன்னும் உயர்ந்து. பாடம் நடக்கும் அறைக்குள் அவன் வெகுநாளுக்குப் பிறகு உட்கார்ந்தான். எனக்கே பின்னம் சரியாக வராது. மூவரும் சேர்ந்து கற்றுக்கொண்டோம். பாதியில் பாதி கால் என்பதை மார்னி குழாயைத் தட்டிக் கண்டுபிடித்தபோது, கென்னி எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டான்.

வெஸ்லி எண்ணிய தூரத்தை அவள் தாண்டிப் போனாள். வகுத்தாள். பின்னங்களைக் கூட்டினாள். பிறகு அவளுக்கும் ஆரம்பித்தது, அதே வரிசையில், கடைசியாக வந்தது முதலில். அதை நான் விவரிக்கப்போவதில்லை. ஒரு நாள் குழாய்களைத் தட்டிவிட்டு, "அழகா இருக்கு. இது என்ன, பெரியம்மா?" என்றாள்.

வெஸ்லி பத்தொன்பது வயதில், பிப்ரவரியில் இறந்தான். தரை பனியில் இறுகிக் கிடந்ததால், குளிர்காலத்தில் இறந்த மற்றவர்களைப்போல அவனும் சவப்பெட்டியில் இடுகாட்டுக் கல்லறைக்கொட்டகையில் மே வரை காத்திருந்தான். அடக்கத்தன்று மார்னியைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தோம். யாரைப் புதைக்கிறோம் என்று அவள் கேட்கவில்லை. கார்லீன் பாட்டில் ஒரு வரிகூட விடாமல் பாடினாள். கென்னி மண்வெட்டியை இடுகாட்டு ஆளிடமிருந்து வாங்கித் தானே மூடினான்.

செய்தித்தாளில் பார்த்துவிட்டு டெனீஸ், நான் கார்லீன் வீட்டில் இருந்தபோது எனக்குப் போன் செய்தாள். வருஷக் கணக்கில் கேட்காத குரல், புகையால் இன்னும் தடித்திருந்தது. அவளிடம் சொல்ல நான் கடுமையான வார்த்தைகள் சில வைத்திருந்தேன். மார்னியோடு இருந்த வருஷங்களில் அவை ஒவ்வொன்றாகக் கரைந்துபோயிருந்தன. நானும் பாதி வழியில் ஓடிப்போக நினைத்த நாட்கள் உண்டு. எனக்குப் போக இடம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வெஸ்லியைப் பற்றிப் பேசினோம். கூட்டுறவுக் கடையில் அவன் கணக்குப் போட்டதை நான் சொல்ல, அவள் சிரித்தாள், பிறகு இருமினாள்.  அவள் கேட்க வந்தது அது இல்லை என்று தெரிந்தது.

"மார்னி," என்றாள் கடைசியாக. "எதுவரைக்கும் வந்தா?"

"பின்னம் வரைக்கும்."

"கூட்டலா?"

"கூட்டல், கழித்தல். பெருக்கலும் கொஞ்சம்."

"புரிஞ்சு போட்டாளா, இல்ல மனப்பாடமா?"

"புரிஞ்சுதான் போட்டா, டெனீஸ்."

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அடுத்த அறையில் மார்னிக்குச் சாப்பாடு கொடுக்கும் நேரம் ஆகிவிட்டிருந்தது.